துயருற்றவருக்கு யார் துணை? துயர்த் துணைப் பணிக்கும் சமூக மனநலப் பணிக்கும் ஓர் எளிய அறிமுகம்

ஒரு வீட்டில் சாவு விழுந்த பிறகு அந்த வீட்டாருக்கு மருத்துவர் தேவையா, ஆலோசகர் தேவையா, இல்லை உறவும் ஊரும் துணை நின்றாலே போதுமா என்ற கேள்வியை இப்போது பலரும் கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கூட்டுக் குடும்பங்கள் சுருங்கிவிட்டன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அன்று மாலையே பேருந்து ஏறிவிடுகிறார்கள். மறுபக்கம், மனநல ஆலோசனை என்ற சொல் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் ஓயாமல் காதில் விழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடுபவர்களுக்காகவும், துயருற்றவர்களோடு பணியாற்ற விரும்பிப் புதிதாக இத்துறைக்குள் வருபவர்களுக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று. நெருங்கியவரை இழந்தவருக்கு வரும் துயரம் நோயாகாது. அழுவதும், உறக்கம் கெடுவதும், சோறு இறங்காமல் போவதும், இறந்தவரின் குரல் வாசலில் கேட்டதுபோல் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பதும் இழப்பின் இயல்பான விளைவுகள். ஆனாலும் துயருற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தத் துயரம் தணியாமல் உறைந்து, அன்றாட வாழ்வையே முடக்கிவிடுகிறது. முன்னவர்கள்மீது மருத்துவத்தைத் திணிக்காமலும் பின்னவர்களைக் கைவிடாமலும் பார்த்துக்கொள்வதுதான் துயர்த் துணைப் பணியாளரின் வேலை. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு நிறைய அறிவும் பொறுமையும் வேண்டும்.

துயரத்தை மருத்துவர்கள் முறையாகக் கவனிக்கத் தொடங்கிய வரலாற்றில் ஒரு தீ விபத்துக்கு இடமுண்டு. 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற இரவு விடுதியில் பற்றிய தீயில் 492 பேர் இறந்தார்கள். அந்நகரின் மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், உயிர் தப்பியவர்களையும் இறந்தவர்களின் உறவினர்களையும் சந்தித்துப் பேசி, அவர்களிடம் கண்டவற்றை 1944இல் வெளியிட்டார். தொண்டை அடைத்துக்கொள்வது, மூச்சு வாங்குவது, அடிக்கடி பெருமூச்சு விடுவது, வயிறு வெறுமையாவது, இறந்தவரின் உருவம் கண்முன் நிற்பது, தான் ஏதோ தவறிவிட்டோம் என்ற குற்ற உணர்வு, ஆறுதல் சொல்ல வருபவர்மீதே எரிச்சல் கொள்வது ஆகியவற்றை அவர் விவரித்தார். நம் ஊரில் சாவு வீட்டுக்குப் போய்ப் பழகிய எவருக்கும் இவை தெரிந்தவைதான். "நெஞ்சு அடைக்குது", "தலை கனக்குது", "உடம்பெல்லாம் எரியுது" என்று இறப்புக்குப் பின் பல மாதம் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் பெண்களை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள் நன்கு அறிவார்கள். இதயப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் அவருக்கு விடை கிடைத்துவிடுவதில்லை. வீட்டில் அண்மையில் யாராவது தவறினார்களா என்ற ஒரு கேள்வியை அங்கே கேட்கத் தெரிந்திருப்பதே சமூக மனநலப் பணியின் தொடக்கம்.

கட்டங்கள் பற்றிய பிழையான எண்ணம்

துயரம் என்றதும் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து கட்டங்களை ஒப்பிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய நூலில் அவற்றை முன்வைத்தார். அந்நூல் தாமே மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு அவர் பேசியதிலிருந்து பிறந்தது. உயிரோடு எஞ்சியிருப்பவர்களின் துயரத்தை ஆராய்ந்து எழுதப்பட்டதன்று. பிற்காலத்தில் அது எல்லாத் துயரத்துக்கும் பொது அட்டவணையாக மாற்றப்பட்டது. இதனால் விளையும் தீமை சிறியதல்ல. "எனக்குக் கோபமே வரவில்லை, நான் சரியாகத் துக்கப்படவில்லையோ" என்று தம்மையே சந்தேகிப்பவர்களும், "ஆறு மாதம் ஆகியும் நீ இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லையே" என்று அடுத்தவரைக் கடிந்துகொள்பவர்களும் இந்த அட்டவணையால் உண்டானவர்கள். துயரம் வரிசைப்படி நடப்பதில்லை.

1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் முன்வைத்த விளக்கம், களத்தில் காண்பவற்றோடு இதைவிட நன்றாகப் பொருந்துகிறது. துயருற்றவர் இரண்டு பக்கங்களுக்கிடையே போய்வந்துகொண்டிருக்கிறார் என்பது அவர்களின் கருத்து. ஒரு பக்கம் இழப்பை நினைத்து உருகுவது. மறுபக்கம் இறந்தவர் இல்லாத வாழ்க்கைக்குத் தேவையான வேலைகளைக் கற்றுக்கொண்டு செய்வது. விடியற்காலையில் மகனின் சட்டையை முகத்தில் வைத்து அழுத ஒரு தாய், எட்டு மணிக்கு மீன் ஏலத்தில் நின்று விலை பேசிக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனால், "பிள்ளை போய் மூணு மாசம்கூட ஆகல, இவளுக்கு வியாபாரம் கேக்குதா" என்று தெருவில் பேசுபவர்கள் இருப்பார்கள். ஆனால் அந்தத் தாயிடம் குறை ஒன்றுமில்லை. அழுகைக்கும் கூடைக்கும் இடையே அவரால் போய்வர முடிகிறது என்பதே நலத்தின் அறிகுறி. எந்நேரமும் இழப்பிலேயே மூழ்கிக் கிடப்பவரும், இழப்பை ஒரு கணம்கூட நினைக்க அஞ்சி வேலையிலேயே ஒளிந்துகொள்பவரும்தான் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

இறந்தவரை மறந்து விலகுவதே துயரத்தின் முடிவு என்று முன்பு நம்பப்பட்டதும் இன்று மாறியிருக்கிறது. உறவு வேறொரு வடிவத்தில் தொடர்வது இயல்பானது, பலருக்கு ஆறுதலானது என்று 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஆய்வாளர்கள் விரிவாக எழுதிவருகிறார்கள். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையல் வைத்து, ஆண்டுதோறும் திதி கொடுத்து, கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றி வாழும் மக்களிடையே பணியாற்றுபவர்கள், அந்த வழக்கங்களை அறியாமை என்று ஒதுக்காமல் துணையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சடங்குகள் முடிந்த பிறகு

சாவுச் சடங்குகள் துயருற்றவருக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி, யாழ்ப்பாணத்தில் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் நாற்பதாம் நாள் ஓதுதல் என ஒவ்வொன்றும் உறவினர் திரும்பி வரும் நாளாகவும் அமைகிறது. ஒப்பாரியில் ஒரு பெண் தன் இழப்பை மட்டுமா பாடுகிறார்? பிறந்த வீட்டின் நினைவையும், புகுந்த வீட்டில் பட்ட பாட்டையும், யாரிடமும் சொல்ல முடியாத வசவையும் ஊரார் முன்னிலையில் பாடித் தீர்க்க அந்த வடிவம் இடம் கொடுத்தது. இன்று ஒலிபெருக்கி வைத்து, பணம் கொடுத்துப் பாட ஆள் அழைக்கும் வீடுகளில் அந்தப் பயன் பெரிதும் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

அதே சடங்குகள் காயப்படுத்தவும் செய்கின்றன என்பதைப் பணியாளர் மறைக்கக் கூடாது. கணவரை இழந்த பெண்ணின் பூவையும் பொட்டையும் பலர் பார்க்க அகற்றுவதும், அதற்குப் பிறகு மகளின் திருமண மேடையில்கூட அவரை ஓரமாக நிறுத்துவதும் துயரத்தின்மேல் ஏற்றப்படும் அவமானம். தற்கொலையால் நேர்ந்த சாவென்றால் நிலைமை இன்னும் கடினம். காவல் நிலையம், பிரேதப் பரிசோதனை, அவசர அடக்கம் என்று நாட்கள் கழிய, துக்கம் கேட்க வருபவர்களும் ஆறுதலை விடுத்துக் காரணத்தைத் துருவுகிறார்கள். அந்தக் குடும்பத்தினரின் தற்கொலை ஆபத்தும் பொதுவாக உயர்ந்தே இருக்கும். ஆகவே, யாரும் அழைக்காவிட்டாலும் பணியாளர் முதலில் தேடிப்போக வேண்டிய வீடுகளில் அதுவும் ஒன்று.

சடங்குகளின் கால எல்லையை அறிந்திருப்பது இப்பணிக்கு மிகவும் தேவை. பதினாறு நாளோ முப்பத்தொரு நாளோ கழிந்ததும் வாடகைப் பந்தல், நாற்காலிகளோடு உறவினர்களும் போய்விடுகிறார்கள். கடன்காரர் வரத் தொடங்குவதும், இரவு தனியாக நீள்வதும் அதன் பிறகுதான். துயர்த் துணைப் பணியாளரின் வருகைக்கு மிகுந்த பயன் விளையும் காலம் இரண்டாம் மாதத்திலிருந்து முதல் ஆண்டு நினைவு நாள்வரை உள்ள காலமே.

சுனாமி கற்பித்தது

2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவக் கிராமங்களில் ஒரே வீட்டில் மூன்று நான்கு பேரை இழந்தவர்கள் இருந்தார்கள். பலருக்குப் பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் இயலவில்லை, உடல்கள் பெருங்குழிகளில் ஒன்றாகப் புதைக்கப்பட்டன. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், ஒவ்வொருவரையும் மருத்துவரிடம் அனுப்புவது என்பது நினைத்தும் பார்க்க முடியாதது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸும் பிற அமைப்புகளும் உள்ளூர்ப் பெண்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், இளைஞர்கள் ஆகியோருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே வீடு வீடாக அனுப்பின.

இப்படிப்பட்ட பேரிடர்களிலிருந்து திரண்ட அறிவு, பல அமைப்புகள் கூடி 2007இல் வெளியிட்ட பன்னாட்டு வழிகாட்டியில் ஒரு கூம்பாக வரையப்பட்டது. அகன்ற அடித்தளத்தில் உணவு, உறைவிடம், பாதுகாப்பு, இழப்பீடு போன்றவை கண்ணியமாகக் கிடைப்பது. அதற்கு மேல் குடும்பத்தையும் ஊரையும் மீண்டும் இணைத்தல், சடங்குகளுக்கு இடமளித்தல், பள்ளியைத் திறத்தல். அதற்கும் மேல் பயிற்சி பெற்ற பணியாளர் தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள். உச்சியில், எண்ணிக்கையில் மிகச் சிலர், மனநல மருத்துவரும் உளவியலாளரும் பார்க்க வேண்டியவர்கள். துயர்த் துணைப் பணியைப் பற்றி ஒரே ஒரு படத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் ஆட்டங்கண்டிருக்கும்போது உச்சியில் மட்டும் ஆலோசனை கொடுத்துப் பயனில்லை.

அடித்தளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நாகப்பட்டினமே சான்று. அங்கே பிள்ளைகள் அனைவரையும் இழந்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசு அவர்களுக்காக ஏற்பாடு செய்தது. இறந்த பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது என்பதை அந்தத் தாய்மாருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் தம் உடலைப் பற்றிய ஒரு முடிவு மீண்டும் தம் கைக்கு வந்தது அவர்களில் பலருக்குப் பெரிதாக இருந்தது. அதே சமயம், உறவினரின் நெருக்குதலால் அந்த அறுவைக்குத் தள்ளப்படும் பெண் யார், தாமே விரும்பி வருபவர் யார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. அந்த ஒருவர்தான் சமூகப் பணியாளர்.

பட்டம் பெறாதவர்களால் என்ன செய்ய முடியும் என்ற ஐயத்துக்கும் சென்னையிலிருந்து ஒரு விடை உண்டு. 1986இல் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும், கடலோரக் குடியிருப்பு ஒன்றில் சுனாமியால் உறவினரை இழந்தவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைத் தொடர்ந்து அனுப்பினார்கள். அத்தகைய துணை கிடைக்காத வேறொரு கடலோரக் குடியிருப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, துணை பெற்ற மக்களின் மனச்சோர்வு குறைந்திருந்தது. அந்தத் தன்னார்வலர்கள் செய்தது பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்டதும், சொன்ன நாளில் மீண்டும் போனதும்தான்.

ஒரு வீட்டு வருகை

இந்த வேலை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்குக் கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு. படகு கவிழ்ந்து கணவர் இறந்து இரண்டு மாதம் ஆன ஒரு பெண்ணின் வீட்டுக்குச் சமூக மனநலப் பணியாளர் ஒருவர் முதன்முறையாகப் போகிறார். படிவத்தையும் பேனாவையும் அவர் பையிலிருந்து எடுப்பதில்லை. "அக்கா, நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து வர்றேன். விஷயம் கேள்விப்பட்டேன். உங்களப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவர் காட்டும் இடத்தில் உட்காருகிறார். இறந்தவரைப் பற்றிக் கேட்கிறார். கணவரின் பெயரைத் தம் வாயால் சொல்லாத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். மகள் அந்தப் பெயரைச் சொல்ல, அதன் பிறகு பணியாளர் "அண்ணன்" என்றே பேசுகிறார். அந்தப் பெண் அழத் தொடங்கினால் பேச்சை மாற்றுவதில்லை. "அழாதீங்க", "எல்லாம் விதி", "புள்ளைங்களுக்காகத் தைரியமா இருங்க" என்ற மூன்றையும் அவர் சொல்வதில்லை. முதல் இரண்டும் பேச்சை அடைத்துவிடும். மூன்றாவது, ஏற்கெனவே நசுங்கிக் கிடப்பவர்மீது இன்னொரு சுமையை ஏற்றும்.

கேட்டுக்கொண்டே அவர் பலவற்றைக் கவனிக்கிறார். சர்க்கரை நோய்க்கான மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது. மூத்த மகன் ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. மாமியார் அடுத்த அறையிலிருந்து, "அன்னைக்குப் போக வேணாம்னு இவ தடுத்திருக்கணும்" என்கிறார். விபத்து நிவாரணத்துக்கான விண்ணப்பம் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் நிற்கிறது. இவை அனைத்தும் துயர்த் துணைப் பணிக்குள் அடங்கியவையே. கிராம நிர்வாக அலுவலரிடம் கூடப் போய் அந்தச் சான்றிதழுக்கு வழி செய்தால், உறக்க மாத்திரையால் கிடைக்காத உறக்கம் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கக் கூடும்.

கடைசியாக, கேட்கத் தயங்கும் கேள்வியையும் அவர் கேட்கிறார்: "இந்த மாதிரி நேரத்துல சில பேருக்கு நாமளும் போயிட்டா என்னன்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதாக்கா?" இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கேள்வியே ஒரு விடுதலையாக அமைகிறது. அவரோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஏக்கம் துயருற்றவர் பலருக்கும் வருவதுண்டு; அதற்கான வழியை யோசித்து வைத்திருக்கிறாரா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்பதுவரை கேட்டறிவது பணியாளரின் கடமை. திட்டம் இருப்பது தெரிந்தால் அவரைத் தனியே விடாமல், அந்தப் பொருளை வீட்டிலிருந்து அகற்றச் செய்து, அன்றே மருத்துவரிடம் கூட்டிச் செல்ல வேண்டும். ஆபத்து இல்லையென்றால் அடுத்து வரும் நாளைச் சொல்லிவிட்டு, அந்த நாளில் தவறாமல் வர வேண்டும். வருவதாகச் சொல்லி வராமல் போவது, இழந்தவருக்கு இன்னோர் இழப்பு.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லப்பட்ட குழந்தை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். இறந்துவிட்டார், இனி வரமாட்டார், அதற்கு நீ காரணமில்லை என்பதை வயதுக்கு ஏற்ற எளிய சொற்களில் சொல்ல வேண்டும். அழுத குழந்தை பத்து நிமிடத்தில் விளையாடப் போய்விட்டால் அதற்குத் துக்கம் இல்லை என்று பொருளாகாது. குழந்தைகள் துயரத்தைச் சிறிது சிறிதாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

எப்போது மருத்துவம் தேவைப்படுகிறது

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நீடித்த துயரக் கோளாறு என்ற ஒரு நோய்நிலை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. இறந்தவருக்கான தீராத ஏக்கமோ அவரைப் பற்றிய ஓயாத நினைப்போ, கடும் மனவேதனையோடு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைத்து, அந்தச் சமூகத்தின் பண்பாட்டு வழக்கத்தையும் தெளிவாகக் கடந்திருந்தால் அது நோயாகக் கருதப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாடு பெரியவர்களுக்கு ஓராண்டுக் காலத்தை வரையறுக்கிறது. ஆறு மாதம் ஆனவுடன் எல்லோருக்கும் முத்திரை குத்தலாம் என்பது இதன் பொருளன்று. பண்பாட்டு வழக்கம் என்ற நிபந்தனைக்கு நம் பணியாளர்கள் முழு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஓராண்டு துக்கம் காப்பது வழக்கமாயிருக்கும் ஒரு குடும்பத்தில் ஏழாம் மாதம் பண்டிகை கொண்டாடாததை அறிகுறியாக எழுதிவிடக் கூடாது.

பெரியவர்களிடையே செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, துயருற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நிலை ஏற்படுவதாகத் தெரிந்தது. திடீர்ச் சாவு, கொலை, விபத்து, பிள்ளையை இழப்பது ஆகியவற்றில் இந்த விகிதம் உயர்கிறது. மனச்சோர்வு நோயிலிருந்து இதைப் பிரித்தறியவும் தெரிந்திருக்க வேண்டும். துயரத்தில் வலி இறந்தவரைச் சுற்றியே சுழல்கிறது, அலைபோல் வந்து போகிறது, நடுவே ஒரு பழைய நினைவில் சிரிப்பும் வரலாம். மனச்சோர்வில் எதிலும் பற்றில்லாமல், தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் எல்லாவற்றின்மீதும் படர்ந்துவிடுகிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் உண்டு.

நீடித்த துயரத்துக்கெனத் தனி உளவியல் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் கேத்தரின் ஷியரும் அவரது குழுவினரும் உருவாக்கிய முறையில் ஏறத்தாழ 16 அமர்வுகள் உண்டு. இறப்பு நிகழ்ந்த விதத்தைச் சிறிது சிறிதாகப் பேசவும், தவிர்த்துவந்த இடங்களுக்கும் பொருட்களுக்கும் மெல்லத் திரும்பவும், வாழ்வில் புதிய நோக்கங்களை வகுக்கவும் அது உதவுகிறது. மனச்சோர்வுக்கான மாத்திரை துயரத்தைக் குறைக்கிறதா என்று அவர்களே சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். உளவியல் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது மாத்திரை மனச்சோர்வின் அறிகுறிகளைத் தணித்தது. துயரத்தைக் குறைப்பதில் அதற்குத் தனிப் பங்கு காணப்படவில்லை.

சாவு வீட்டில் அழுபவருக்கு ஊசி போட்டுத் தூங்க வைப்பதும், பின்னர் மாதக்கணக்கில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பதும் நம்மிடையே வெகு சாதாரணமாக நடக்கின்றன. மனநோய் எதுவும் இல்லாத துயருற்றவருக்கு பென்சோடயாசெபின் வகை (தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும்) மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் அறிவுறுத்தியது. அத்தகையோர் அனைவருக்கும் பொதுவாக முறைசார் உளவியல் சிகிச்சை அளிக்கவும் வேண்டாம் என்று அதே அறிவுரை சொல்கிறது. பேரிடர் நடந்த மறுநாளே ஆட்களைக் கூட்டி, கண்டதையெல்லாம் சொல்லுங்கள் என்று வற்புறுத்தும் ஒரே அமர்வு ஆலோசனை பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்கிறது என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. கேமராவோடு வந்து அழச் சொல்பவர்களுக்கும் இது பொருந்தும்.

உடல் கிடைக்காத துயரம்

சாவு உறுதியாகாத இழப்புக்கு மேலே சொன்ன எதுவும் நேராகப் பொருந்தாது. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ், அத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று தனியாக வகுத்தார். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போரிலும் அதன் முடிவிலும் காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்றுவரை அந்த நிலையில் வாழ்கின்றன. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தாய்மார்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். விடை காணாமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். கணவர் காணாமற்போன பெண் பொட்டு வைப்பதா, தாலியைக் கழற்றுவதா? தந்தைக்காக ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செலுத்தக் கீரிமலைக்குப் போகும் மகன், தந்தை இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது போவதா, வேண்டாமா? இறப்புச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளையைத் தானே கொன்றதுபோல் உணர்வதாகச் சொல்லும் தாய்மாரிடம் "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று ஆலோசகர் சொல்வது கொடுமை. இறந்ததாகப் பதியாமல், காணவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழுக்கு இலங்கைச் சட்டம் 2016இல் வழி செய்தது ஒரு சிறு உதவி. உண்மையும் நீதியும் வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கையை மனநலப் பிரச்சினையாகச் சுருக்கிவிடாமல், விடை தெரியாத நிலையிலேயே உண்ணவும் உறங்கவும் உறவாடவும் அவர்களுக்கு வலுக் கொடுப்பதே பணியாளர் செய்யக்கூடியது.

யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் நம்பிக்கையையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று நீண்டகாலமாக எழுதிவந்திருக்கிறார். அங்கே சாந்திகம் போன்ற அமைப்புகள் போர்க்காலத்திலேயே உளவளத்துணையாளர்களை, அதாவது மனநல ஆலோசகர்களை, பயிற்றுவித்தன. ஆசிரியர், தாதியர், கிராம அலுவலர் என்று மக்கள் அன்றாடம் காணும் ஆட்களுக்கே பயிற்சி கொடுக்கும் வழியைத் தமிழ்நாடு அங்கிருந்தும் கற்க வேண்டும்.

யார் யார், அவர்களை யார் பார்த்துக்கொள்வது

நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். சோதனைகளும் உளவியல் சிகிச்சையும் மருத்துவ உளவியலாளரின் பணி. இந்தியாவில் அவர் மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். குடும்பம், வேலை, அரசு உதவி ஆகியவற்றை நோயாளியின் வாழ்வோடு இணைப்பவர் மனநலச் சமூகப் பணியாளர். இவர்களோடு மனநலச் செவிலியரும் களப்பணியாளரும் சேர்ந்த குழுக்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. அத்திட்டம் இந்தியாவில் 1996இல் தொடங்கியது. சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு ஆலோசகர் என்று பெயர்ப்பலகை வைப்பவர்களும் இருப்பதால், உதவி நாடுபவர்கள் தகுதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டாம். ஒருவரை மேல்நிலைக்கு அனுப்பும்போது முகவரிச் சீட்டைக் கொடுத்து அனுப்புவது போதாது. முதல் முறை கூடவே போய், மருத்துவரிடம் அறிமுகப்படுத்தி, அடுத்த வாரம் விசாரிக்க வேண்டும்.

பணியாளரின் மனநிலை பற்றி நம் ஊரில் பேசுவதே இல்லை. நாகையிலும் வன்னியிலும் துணையாகப் போனவர்களில் பலர் தாமே வீட்டில் ஆளை இழந்தவர்கள். ஒரே நாளில் நான்கு சாவு வீடுகளுக்குப் போய்வந்தவர் இரவில் தன் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பார். வாரம் ஒருமுறையேனும் மூத்த பணியாளர் ஒருவரோடு உட்கார்ந்து, சந்தித்தவர்களின் பெயர் சொல்லாமல் கண்டதையும் தனக்கு நேர்ந்ததையும் பேச ஏற்பாடு இருக்க வேண்டும். ஒருவர் பார்க்கும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். தனக்கு அண்மையில் இழப்பு நேர்ந்திருந்தால் சில காலம் விலகி நிற்க விடுப்பு வேண்டும். குறைந்த சம்பளமும் ஓராண்டு ஒப்பந்தமும் கொடுத்து, சேவை மனப்பான்மையை மட்டும் எதிர்பார்க்கும் திட்டங்கள் முதலில் இழப்பது அனுபவம் பெற்ற பணியாளர்களைத்தான். அவர் பாதியில் போய்விட்டால், அவரை நம்பிப் பேசத் தொடங்கிய வீடுகள் மீண்டும் வாயை மூடிக்கொள்கின்றன.

இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். இச்சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. சென்னை சினேகாவின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண் உண்டு. அழைப்பதற்கு நோய் இருக்க வேண்டும் என்பதில்லை; துயருற்ற ஒருவருக்கு எப்படி உதவுவது என்று கேட்க அவருடைய அண்டை வீட்டாரும் அழைக்கலாம்.